மரவேலி அமைத்துத் தந்த சேவை: என் மதிப்பீடு

வீட்டைச் சுற்றி 6 அடி உயர மரவேலி அமைக்க நான் அமர்த்திய நிறுவனத்தினர், முதல் நாள் முழுவதையும் எல்லைக்கற்களைத் தேடிக் கயிறு கட்டி அளப்பதற்கே செலவிட்டது எனக்கு நம்பிக்கை அளித்தது. 8 அடிக்கு ஒரு வேலிக்கால் வீதம், ஒவ்வொன்றின் நீளத்திலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும்படி குழி தோண்டி, அடியில் அரையடி ஜல்லி நிரப்பிய பிறகே நட்டனர்; தேங்கும் நீர்தான் காலின் அடிப்பகுதியை இற்றுப்போகச் செய்கிறது என்பதால், நீரை வடியவிடும் இந்த ஜல்லியை எவரும் கேட்டுப் போட வைக்க வேண்டும். அறுத்த முனைகளில் காப்பு எண்ணெயை இருமுறை தடவியதையும் அருகில் நின்று பார்த்தேன்.

வாயிற்கதவில்தான் குறை. சாய்வுச் சட்டத்தைக் கீழ்க்கீலிலிருந்து தாழ்ப்பாளின் பக்கம் மேல்நோக்கி ஏற்றாமல் தலைகீழாக அடித்ததால், இரண்டே மாதங்களில் கதவு தொங்கித் தரையை உரசியது. சொன்னதும் வந்து மாற்றிக் கொடுத்தார்கள். ஈரத்தோடு வந்த பலகைகள் உலர்ந்து இடைவெளி விழுந்ததற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.