ஃபைனல் ஃபேன்டசி 14: சாப்பாடு விற்பதை விட்டு மாவும் வெண்ணெயும் விற்கும் அனுபவம்

ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் விளையாட்டில் கலினேரியன், அதாவது சமையல்காரர் வேலையை எடுப்பவர்கள் பெரும்பாலும் ரெய்டு (குழுவாகச் சேர்ந்து போடும் பெரிய சண்டை) ஆட்களுக்குச் சாப்பாடு சமைத்து விற்கலாம் என்றுதான் வருவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். சில வருடங்களாக முழுச் சாப்பாடு எதையும் விற்பதில்லை. உப்பு, கோதுமை மாவு, வெண்ணெய், மேப்பிள் சிரப், ஒவ்வொரு பேட்சிலும் (விளையாட்டின் புதுப்பிப்பு) புதிதாக வரும் இடைப்பொருள்கள், இவ்வளவுதான் என் கடை.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இங்கே ஒரு பண்டம் செய்ய மூலப்பொருள் மட்டும் போதாது. மைனர், அதாவது சுரங்க வேலை எடுத்தவர் வெட்டி வரும் பாறை உப்பை முதலில் சமையல் உப்பாக்க வேண்டும். எருமைப் பாலும் அந்த உப்பும் சேர்ந்தால் வெண்ணெய். அந்த வெண்ணெய் இன்னொரு பண்டத்துக்குள் போகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நெருப்பு, நீர் ஷார்டுகள் (சின்னப் படிகங்கள்) வேறு செலவாகும். இந்த ஷார்டு செலவைக் கணக்கில் சேர்க்காமல் "லாபம்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

இதை ஏன் ஒருவர் காசு கொடுத்து வாங்க வேண்டும்? அரிசி, உளுந்து வீட்டில் இருந்தும் நாம் கடையில் இட்லி மாவு பாக்கெட் வாங்குவது எதற்காகவோ, அதற்காகத்தான். சமைக்கத் தெரியும், செய்ய அலுப்பு. குவிக் சிந்தசிஸில், அதாவது தானாகவே வரிசையாகச் செய்யும் முறையில், ஒரே ஆர்டரில் 99 வரை போடலாம் என்றாலும், அது முடியும்வரை பாத்திரம் அசைவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் அந்த நேரத்தில் எழுந்துபோய் நிஜச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். ரெய்டுக்கு நேரமாகிவிட்ட ஆளுக்கு அந்தப் பொறுமை இருக்காது.

இந்த வியாபாரத்தில் விலையைவிடப் பெரிய விஷயம், எத்தனை எத்தனையாகக் கட்டி வைக்கிறோம் என்பது. மார்க்கெட் போர்டில் (விளையாடுபவர்கள் வாங்கி விற்கும் சந்தை) ஒரு ஸ்லாட்டில், அதாவது ஓர் இடத்தில், 99 வெண்ணெய் போட்டால் வாங்குபவர் 99-ஐயும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், அதிலிருந்து ஆறு மட்டும் தா என்று கேட்க முடியாது. இது தெரிந்தும் ஏறக்குறைய எல்லா விற்பனையாளரும் 99, 99 என்றே அடுக்குகிறார்கள். லெவல் ஏற்றிக்கொண்டிருக்கும் புதியவருக்குத் தேவை ஆறோ எட்டோதான். ஒன்றின் விலை இரண்டு மடங்காக இருந்தாலும் பத்து கொண்ட கட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார், ஏனென்றால் மொத்தத்தில் அவருக்கு அதுதான் மலிவு.

ரெய்டு ஆட்களுக்கு வேறு கணக்கு. இப்போதைய மேல்நிலை உணவுகளை ஒரு தடவை சமைத்தால் மூன்று தட்டு கிடைக்கும். ஒரு தட்டு அரை மணி நேரம் தாங்கும். மூன்று மணி நேர ரெய்டு என்றால் ஒருவருக்கு ஆறு தட்டு, எட்டுப் பேர் குழுவுக்கு 48, அதாவது 16 தடவை சமையல். 99 தட்டு சேர்த்து வைக்க நினைப்பவர் 33 தடவை சமைப்பார். செய்முறையில் ஒரு தடவைக்கு இடைப்பொருள் ஒன்று கேட்டால் 33, இரண்டு கேட்டால் 66. அதனால் என் கடையில் 16, 33, 66 என்று விசித்திரமான எண்ணிக்கையில் கட்டுகள் இருக்கும். 33 கொண்ட கட்டு, பக்கத்தில் இருக்கும் 99-ஐவிட ஒன்றுக்குச் சற்று விலை கூடுதலாக இருந்தாலும் முதலில் அதுதான் போகிறது. விற்பனை வரலாற்றில் வாங்கியவர் பெயர் தெரியும் என்பதால், வாரா வாரம் வரும் ஒரே பெயர்களைப் பார்த்து "வாங்க, வாங்க" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எரிச்சலூட்டும் விஷயம் அண்டர்கட், அதாவது அடுத்தவர் விலையைவிடக் குறைத்துப் போடுவது. நீங்கள் 500 கில் (இங்கே புழங்கும் காசு) போட்டால் ஐந்தே நிமிடத்தில் ஒருவர் 499 போடுவார். இங்கே பொருளைப் பட்டியலிடக் கட்டணம் கிடையாது, விலையை மாற்றவும் கிடையாது, விற்ற பிறகுதான் 5 சதவீதம் வரை வரி. அதனால் நாள் முழுக்க ஒரு கில் குறைத்துக்கொண்டே இருப்பவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கில்ட் வார்ஸ் 2 என்ற இன்னொரு ஆன்லைன் விளையாட்டில் பட்டியலிடும்போதே 5 சதவீதம் பிடித்துவிடுவார்கள், விற்றதும் இன்னொரு 10. அங்கே விலையை மாற்றும் முன் கை தயங்கும். நான் இந்த ஒரு கில் சண்டையில் இறங்குவதில்லை. இடைப்பொருள் சீக்கிரம் நகரும் சரக்கு, முன்னால் நிற்பவர் கட்டு போனதும் நம்முடையது மேலே வந்துவிடும்.

ஸ்லாட் பஞ்சமும் உண்டு. இலவசமாகக் கிடைப்பது இரண்டு ரிட்டெய்னர் (நமக்காகச் சரக்கை விற்கும் உதவியாளர்), ஒருவருக்கு 20 ஸ்லாட். ஒரே வெண்ணெயை மூன்று அளவில் கட்டி வைத்தால் மூன்று ஸ்லாட் போய்விடும். மாதச் சந்தா போக ரிட்டெய்னருக்கும் தனியாகப் பணம் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஒரு வாரத்தில் நகராத சரக்கை இறக்கிவிடுகிறேன்.

ஹெச்.க்யூ, அதாவது உயர் தரத்தில் செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் என்ற விரிவாக்கம் வந்தபோது பறித்தும் வெட்டியும் எடுக்கும் மூலப்பொருள்களில் ஹெச்.க்யூவே நீக்கப்பட்டது. ஆனால் கைவினையில் செய்த இடைப்பொருளுக்கு அது தொடர்கிறது. நல்ல கியரும் (உடை, கருவிகள்) மேக்ரோவும் (செய்முறைப் படிகளைத் தானாக ஓட்டும் கட்டளை வரிசை) வைத்திருப்பவருக்குச் சாதாரண மாவே போதும், கடைசிப் பண்டத்தை எப்படியும் ஹெச்.க்யூ ஆக்கிவிடுவார். கியர் இல்லாமல் லெவல் ஏற்றுபவருக்குத்தான் ஹெச்.க்யூ வெண்ணெய் ஒரு கைத்தாங்கல். ஆகவே கீழ் லெவல் பொருளை ஹெச்.க்யூவாகச் சின்னக் கட்டிலும், மேல் லெவல் பொருளைச் சாதாரணத் தரத்தில் பெரிய கட்டிலும் வைக்கிறேன். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நேரம் நமக்குக் கொஞ்சம் சாதகம். நான் விளையாடுவது ஐரோப்பிய டேட்டா சென்டரில் (பல சர்வர்கள் சேர்ந்த தொகுதி). வாராந்திர ரீசெட், அதாவது வாரக் கணக்கு புதிதாகத் தொடங்குவது, செவ்வாய்க்கிழமை நம் நேரப்படி மதியம் 1:30-க்கு. அங்கே ஆட்கள் வேலை முடிந்து உட்காரும்போது இங்கே இரவு பதினொன்று ஆகியிருக்கும். செவ்வாய் மாலை வீடு திரும்பி நிதானமாகக் கடையை நிரப்பிவிட்டுத் தூங்கப் போனால், காலையில் காபியோடு கில் வசூல். கிராண்ட் கம்பெனி (விளையாட்டில் நாம் சேரும் படை) பொருள் கேட்டு வெளியிடும் தினசரிப் பட்டியல் மட்டும் நள்ளிரவு 1:30-க்கு மாறும், அதற்காக முழித்திருப்பது எனக்குத் தேவையில்லாத வேலை.

ஆனால் வரவு ஒரே சீராக இருக்காது. சாவேஜ் என்ற கடினமான ரெய்டு திறக்கும் பேட்சில் முதல் இரண்டு வாரம் என்ன வைத்தாலும் போகும். அப்புறம் ரெய்டு குழுக்கள் கலையக் கலைய மேல்நிலைப் பொருள் சரியும். அப்போது கடையை ஓட்டுவது பழைய வெண்ணெயும் சிரப்பும்தான். 2019-இலிருந்து வேறு சர்வருக்குப் போய் வாங்கலாம், 2022-இலிருந்து வேறு டேட்டா சென்டருக்கே போகலாம். யூனிவர்சாலிஸ் என்ற இணையதளத்தில் எல்லா சர்வர் விலையும் தெரிகிறது. எனவே விலையை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. ஏற்றினால் யாராவது பக்கத்து சர்வருக்குப் போய் வாங்கிக்கொண்டு மூட்டையோடு வந்து இறங்குவார்.

பெரிய வீடு வாங்கும் அளவுக்கு கில் வேண்டுமென்றால் இது ரொம்ப மெதுவான வழி, ஃபர்னிச்சர் பக்கம் போங்கள். டெலிபோர்ட் செலவு, கியர், அதில் பதிக்கும் மெட்டீரியா கற்கள் எல்லாம் யோசிக்காமல் வாங்குவதற்கு இது தாராளம். இலவச டிரயலில் இருப்பவர்களுக்கு மார்க்கெட் போர்டும் கிடையாது, ரிட்டெய்னரும் கிடையாது, கில்லும் 3 லட்சத்தோடு நின்றுவிடும், அவர்கள் இப்போதைக்குச் சமையல் லெவலை மட்டும் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.