இவான் சாய்: உருண்டையை விட்டு இலையை வாங்குங்கள்

ரஷ்யப் பொருள் விற்கும் கடைகளில் 50, 100 கிராம் பொட்டலங்களில் கிடைக்கும் இவான் சாய் பெயருக்குத்தான் டீ. தேயிலைச் செடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காட்டுத்தீ ஓய்ந்த நிலத்தில் முதல் ஆளாக முளைத்து, ஆள் உயரம் வளர்ந்து, ஜூலையில் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூக்கும் கிப்ரேய் செடியின் இலை இது. காஃபின் கிடையாது. தூக்கம் கெடாமல் இரவிலும் குடிக்கலாம்.

இலையை வாட்டி, உருட்டி, ஈரத்தோடு மூடி வைத்துப் புளிக்கவிட்டு, பிறகு அடுப்பில் உலர்த்துவார்கள். சரக்கு தேறுவதும் தேறாததும் இங்கேதான். போதிய அளவு புளிக்காத இலை வைக்கோல் வாடை அடிக்கும். டிகாஷன் வெளிறிய பச்சையாக இறங்கும். உலர்த்தும்போது சூடு மிஞ்சினால் கருகல் நெடி வரும். சரியாக வந்த இலையில் உலர்பழ மணமும் லேசான தேன் வாசமும் இருக்கும். டிகாஷன் செம்பழுப்பு நிறம்.

உருண்டை, முழு இலை என இரண்டு வகை உண்டு. இலையை அரைத்துச் செய்த உருண்டை சீக்கிரம் கருஞ்சாயம் இறக்கும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. முழு இலையை வாங்கினால் டிகாஷன் இறங்கியபின் ஒன்றை எடுத்துத் தட்டில் விரித்துப் பாருங்கள். நீண்டு குறுகிய இலை. பக்க நரம்புகள் ஓரம் வரை ஓடாமல், விளிம்புக்குச் சற்று முன்பே வளைந்து ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அப்படி இருந்தால் கிப்ரேய்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பீட்டர்ஸ்பர்க் பக்கத்து கப்போரியே ஊரின் பெயரால் கப்போர்ஸ்கி சாய் எனப்பட்ட இதே இலையைத்தான், 19ஆம் நூற்றாண்டில் விலை உயர்ந்த சீனத் தேயிலையில் கலந்து விற்றார்கள். அரசு தடை போடும் அளவுக்கு அது போனது. கலப்படச் சரக்காகப் பேர் வாங்கிய இலையையே இன்று கலப்படமா என்று பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது!

ரஷ்ய மொழி தெரியாதவர்கள் அட்டையில் ஒரு சொல்லைத் தேடினால் போதும். ஆங்கிலத்தின் C, O, C, T, A, B எழுத்துகளை வரிசையாக வைத்ததுபோல் இருக்கும், வாசிப்பது 'சஸ்தாவ்'. சேர்மானம் என்று பொருள். அதற்குப் பின்னால் நீளமான பட்டியல் ஓடினால் அது கலவை டீ.

போடும் முறை: 400 மில்லிக்கு இரண்டு டீஸ்பூன் இலை. தண்ணீர் கொதித்ததும் இறக்கி, ஓரிரு நிமிடம் விட்டு இலைமேல் ஊற்றி, 10 நிமிடம் மூடி வையுங்கள். சாதா டீ நினைப்பில் 3 நிமிடத்தில் வடித்தால் வெந்நீர்தான் மிஞ்சும். 'சப்பென்று இருக்கிறது' என்ற புகார் பெரும்பாலும் இதனால் வருவதே. அதிக நேரம் ஊறினாலும் கசப்பு ஏறுவதில்லை என்பது இதன் பெரிய சௌகரியம். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். அதே இலையில் இரண்டாம் தடவையும் ஊற்றலாம். பால் வேண்டாம், இருக்கிற மென்மையான வாசத்தையும் அமுக்கிவிடும்.

அட்டையில் வைட்டமின் சி பெருமை பெரிதாக இருக்கும். பச்சை இலையில் அது நிறைய உண்டு. புளிப்பு, அடுப்பு, வெந்நீர் மூன்றையும் தாண்டி மிஞ்சுவது கொஞ்சம். அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். மேலே தூவிய காய்ந்த பூவும் பார்வைக்கு மட்டும். புதினா, உலர்பழம் சேர்த்த வகைகளில் மட்டமான இலையின் குறை மறைந்துவிடும். முதல் பொட்டலம் வெறும் இலையாகவே இருக்கட்டும்.