அசெட்டைலா, மெத்திலா: மரபணுவைத் திறப்பது எது?

காட்பாடியில் நீட்டுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் பலர் குழம்பும் இடம் இது. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருண்டையைச் சுமார் 147 காரஇணை நீள டிஎன்ஏ சுற்றியிருக்கும். (பாடநூலில் வரும் 200, இணைப்புப் பகுதியையும் சேர்த்த கணக்கு.)

அசெட்டைல், மெத்தில் இரண்டும் ஹிஸ்டோனில் ஒட்டும் சிறு வேதித் தொகுதிகள். அசெட்டைல் ஒட்டினால் ஹிஸ்டோனில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் நேர்மின்னூட்டம் போய்விடும். டிஎன்ஏ மீதான பிடி தளரும், படியெடுத்தல் (மரபணுவைப் பார்த்து ஆர்என்ஏ உருவாவது) எளிதாகும். 1964-இலேயே ஆல்ஃப்ரே என்ற அறிவியலாளரின் குழு இதைச் சொன்னது.

சரி, மெத்தில்? எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மின்னூட்டத்தை அது மாற்றுவதே இல்லை. ஒட்டும் இடம்தான் முக்கியம். ஹெச்3 என்ற ஹிஸ்டோன் புரதத்தில் 4-ஆம் இடத்து லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் மரபணு பெரும்பாலும் இயங்கும். 27-ஆம் இடத்து லைசினில் இருந்தால் அடங்கிவிடும். அந்தக் குறியைப் படிக்க வரும் புரதங்களே முடிவு செய்கின்றன. அதனால் ‘மெத்தில் என்றால் நிறுத்தம்’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். முதலில் அசெட்டைலைப் படியுங்கள், அப்புறம் மெத்தில்.