காலண்டர் சீசனைத் தாங்கிய பேக்கப்: சினாலஜி ஆக்டிவ் பேக்கப், ஒன்றரை வருட அனுபவம்

சிவகாசியில் சின்ன ஆஃப்செட் அச்சகம் எங்களுடையது. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருட காலண்டர் ஆல்பத்தை வைத்துப் பூஜை போட்டால் டிசம்பர் கடைசி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படி ஒரு கார்த்திகையில், வேலை உச்சத்தில் இருந்தபோது, ஒரு டிசைனரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. சனிக்கிழமைதோறும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு, ஆனால் நெருக்கடியில் மூன்று சனிக்கிழமையாக யாரும் எடுக்கவில்லை. நாற்பது பார்ட்டிகளின் அட்டை டிசைனை முதலிலிருந்து செய்தோம், பையன்கள் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் சினாலஜி டிஎஸ்224 பிளஸ், அதாவது எல்லாக் கம்ப்யூட்டரின் கோப்புகளையும் நெட்வொர்க் வழியாக வாங்கி வைத்துக்கொள்ளும், இரண்டு டிஸ்க் உள்ள சேமிப்புப் பெட்டி (நாஸ்). அதில் ஓடும் ஆக்டிவ் பேக்கப் ஃபார் பிசினஸ் மென்பொருளுக்குத் தனி லைசென்ஸ் கட்டணம் கிடையாது, கம்ப்யூட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கும் இல்லை. பெட்டிக்கும் டிஸ்குக்கும்தான் செலவு. ஒன்று கவனிக்க வேண்டும்: விலை குறைவு என்று ஜே வரிசைப் பெட்டியை வாங்கிவிடாதீர்கள், இது அதில் ஓடாது. டிஸ்கையும் பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்திருக்க வேண்டும்.

டிசைனர்கள் ஆறு பேர், கணக்கு மென்பொருளான டேலிக்கு ஒன்று, அச்சு பிளேட் எடுக்கும் சிடிபிக்கு ஒன்று, ஆக எட்டு கம்ப்யூட்டர். எல்லாவற்றிலும் ஏஜென்ட் (கோப்புகளைப் பெட்டிக்கு அனுப்பும் சின்ன மென்பொருள்) போட ஒரு மதியம் போதுமாக இருந்தது, முதல் முழு பேக்கப்தான் ஊர்ந்தது. காரணம் கம்ப்யூட்டர்களை இணைக்கும் எங்கள் பழைய 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் ஸ்விட்ச். அதில் வினாடிக்கு 12 எம்பிக்கு மேல் போகாது, 500 ஜிபி ஏறவே பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும். கிகாபிட் ஸ்விட்ச் மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஷெட்யூல் விஷயத்தில் நான் தப்பு செய்தேன். எல்லோரும் சொல்வதுபோல ராத்திரி 2 மணி வைத்தேன். காகிதம் அடுக்கியிருக்கும் இடம் என்பதால் கடைசியாகப் போகிறவர் மெயினை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார், கரண்டே இல்லாத கம்ப்யூட்டரில் எந்த ஷெட்யூலும் ஓடாது. அப்புறம்தான் இதில் நேரத்தை வைத்து மட்டுமல்ல, ஸ்க்ரீன் லாக் ஆகும்போது, லாக் ஆஃப் செய்யும்போது என்றும் பேக்கப்பை ஓட வைக்கலாம் என்று கண்டுபிடித்தேன். இப்போது சாப்பிடப் போகிறவர்கள் விண்டோஸ் பட்டனையும் 'L' பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டுப் போகிறார்கள், மாறிய பகுதி மட்டும்தான் போகும் என்பதால் திரும்பி வருவதற்குள் முடிந்துவிடுகிறது. டேலிக்கு மட்டும் சாயங்காலம் 6 மணி. கோப்பு திறந்திருந்தாலும் விண்டோஸின் விஎஸ்எஸ் வசதி வழியாக அந்த நொடியில் இருக்கிறபடி ஒரு நகல் (ஸ்னாப்ஷாட்) எடுத்துக்கொள்ளும், ஆனாலும் கணக்குப் பார்க்கும் அக்காவை அதற்கு முன்பே ஆல்ட் வொய் போட்டு டேலிக்குள்ளேயே ஒரு பேக்கப் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். கணக்கு விஷயத்தில் ஒரே காப்பியை நம்ப எனக்கு மனசு வரவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது டீடூப்ளிகேஷன். ஒரே முருகர் படம் நூறு கடைக்காரர்களின் காலண்டரில் இருக்கும், ஆறு டிசைனர்களிடமும் அதன் காப்பி இருக்கும். ஒரே மாதிரியான டேட்டா துண்டை (பிளாக்) இது ஒரு தடவைதான் வைத்துக்கொள்கிறது. எங்கள் மாதிரி தொழிலுக்கு இதனால் இடம் நிறைய மிச்சம். அந்தத் தைரியத்தில் தினசரிப் பதிப்பு 30 நாளுக்கும் மாதப் பதிப்பு 14 மாதத்துக்கும் வைத்திருக்கிறேன். "போன வருட அட்டையே போதும் அண்ணாச்சி, போன் நம்பரை மட்டும் மாத்திடுங்க" என்று பார்ட்டி வந்து நிற்பது சரியாக ஒரு வருடம் கழித்துத்தானே.

பேக்கப் வெற்றி என்று பச்சை டிக் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை ரீஸ்டோர் போர்ட்டலில் எடுத்து, கோரல்டிராவில் திறந்து பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலைதான். முழுக் கம்ப்யூட்டரையும் மீட்க ரெக்கவரி யுஎஸ்பி வேண்டும், அதை எல்லாம் நன்றாக ஓடுகிற நாளிலேயே செய்து வைத்துவிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு டிஸ்கும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன, தீ பிடித்தாலோ திருடு போனாலோ இரண்டும் சேர்ந்தே போகும். வெளியே ஒரு நகல் வைக்க ஹைப்பர் பேக்கப் என்ற இன்னொரு மென்பொருளைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முடிந்த வேலைகள் இருக்கும் ஃபோல்டரை அதன் மூலம் யுஎஸ்பி டிஸ்கில் எடுத்து வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். இன்னொன்று, வீட்டிலிருந்து பார்க்கும் ஆசையில் ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து விடாதீர்கள். 2014ல் சினோலாக்கர் என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்), இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த, அப்டேட் செய்யாத சினாலஜி பெட்டிகளைத்தான் பூட்டியது. அட்மின் என்ற பெயருள்ள கணக்கை முடக்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, பெட்டியை யுபிஎஸ்ஸில் வையுங்கள்.

கோடவுனில் இன்னொரு பெட்டி வைக்கப் பணம் ஒதுக்கிவிட்டேன், வரும் ஆடிக்குள் வாங்கிவிடுவேன், அதுவும் சினாலஜிதான்.