பெல்லட்டா, புழுவா? மீன் தொட்டிக்கான தீனிக் கணக்கு

உறைய வைத்த பிளட்வார்ம் (மீன்களுக்குப் போடும் சிவப்புப் பூச்சிப்புழு) பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் புரதம் சுமார் 5 சதவீதம் என்றிருக்கும். பெல்லட் (குருணை போன்ற உலர் தீனி) டப்பாவில் 45 சதவீதம். இதைப் பார்த்துவிட்டுப் புழுவில் சத்தே இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. ஈரத்தைக் கழித்தால்தான் கணக்கு சரியாக வரும். 100 கிராம் உறைந்த புழுவில் ஏறக்குறைய 90 கிராம் வெறும் தண்ணீர். மீதியுள்ள 10 கிராமில் 5 கிராம் புரதம், அதாவது பாதி. பெல்லட்டில் ஈரம் 8 கிராம் என்று வைத்தால், மிச்சம் 92-இல் 45 கிராம். அதுவும் கிட்டத்தட்ட பாதிதான். புரதத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சி-யைத் தம் உடலில் உண்டாக்க முடியாது. தீனியில்தான் வர வேண்டும். நல்ல பெல்லட்டில் அதைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள். பிளட்வார்மை மட்டுமே போட்டு வளர்த்தால் இப்படிப்பட்ட குறைகள் மெல்ல வெளியே தெரியும். அதனால் அன்றாடத் தீனிக்கு என் ஓட்டு பெல்லட்டுக்குத்தான்.

ஃபிளேக்குக்கு ஏன் இல்லை? அது மெல்லிய தகடு. தண்ணீர் பட்டதுமே நீரில் கரையும் வைட்டமின்கள் கசியத் தொடங்கிவிடும். மீன் தின்னாமல் விட்டது பொடியாகிப் ஃபில்டரில் போய்ச் சேரும். டெட்ரா, கப்பி போன்ற சின்ன வாய் மீன்களுக்கு ஃபிளேக் வசதி என்பது உண்மை. ஆனால் அவற்றுக்கும் இப்போது மைக்ரோ பெல்லட் கிடைக்கிறது. எதை வாங்கினாலும் சின்ன டப்பாவாக வாங்குங்கள். திறந்த டப்பாவில் காற்றும் ஈரமும் புகுந்து கொழுப்பு கெடும், வைட்டமினும் குறையும். சில மாதங்களில் தீராத பெரிய டப்பா லாபமே இல்லை. மூலப்பொருள் பட்டியலில் முதலில் கோதுமை மாவு இருந்தால் டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடலாம். முழு மீனோ இறாலோ மீன் தூளோ முதலில் வர வேண்டும்.

அப்புறம், உயிர்த் தீனி. மீன் பாய்ந்து பிடிப்பதைப் பார்க்கும் சுகத்துக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். முட்டையிடத் தயார் செய்யும் ஜோடிக்கும், பெல்லட்டைத் தொடவே தொடாத மீனுக்கும் அது உதவும். ஆனால் எல்லா உயிர்த் தீனியும் ஒன்றல்ல. டியூபிஃபெக்ஸ் கழிவு சேர்ந்த சேற்றில் வளரும் புழு. எத்தனை முறை அலசினாலும் அதன் குடலுக்குள் இருப்பது போகாது. நான் அதைத் தொட்டிப் பக்கமே விடுவதில்லை. நாமே வளர்க்கும் டாப்னியா, மூயினா என்ற பொடி நீர்ப்பூச்சிகள் இரண்டும் பாதுகாப்பானவை. கொசுப் புழுவும் நல்ல தீனிதான். ஆனால் ஒரே வேளையில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போட வேண்டும். மிஞ்சினால் வீட்டுக்குள் கொசு பறக்கும்.

உறைந்த தீனி பெல்லட்டுக்கும் உயிர்த் தீனிக்கும் நடுவில் நிற்கிறது. உயிர்த் தீனியின் ருசி இருக்கிறது, நோய் பயம் குறைவு. கிருமியைக் கொல்லக் காமாக் கதிர் பாய்ச்சியது என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. கட்டியை உருக்கி, அந்த நீரை வடித்துவிட்டுப் போடுங்கள். உருகியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. ஃப்ரீஸ்-ட்ரை செய்த (உறைய வைத்தே ஈரத்தை நீக்கிய) புழு எனக்குக் கடைசித் தேர்வு. சிலருக்கு அந்தத் தூள் பட்டாலே தும்மலும் கண் அரிப்பும் வரும்.

இவ்வளவும் புலால் தின்னும் மீன்களுக்கான பேச்சு. பாசி மேயும் ஆப்பிரிக்க சிக்லிட் வகைகளுக்கு பிளட்வார்ம் வேண்டவே வேண்டாம். அவற்றின் நீளமான குடலுக்கு ஸ்பைருலினா என்ற பாசி சேர்த்த பெல்லட் பொருந்தும். பாசி தின்னும் பிளெக்கோ இனங்களுக்கு வெள்ளரித் துண்டோ, லேசாக வேகவைத்த கீரையோ இரவில் போட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிடலாம். கோல்டுஃபிஷ்ஷுக்குத் தோலுரித்த வெந்த பட்டாணி பிடிக்கும். கோரிடோராஸ் அடியில் மேய்கிற மீன். மிதக்கும் பெல்லட் அதன் வாய்க்குப் போய்ச் சேராது, மூழ்கும் வகைதான் வேண்டும்.

பெரிய மீனுக்குச் சின்ன மீனைத் தீனியாக விடுவதை நான் ஆதரிப்பதில்லை. நோய் வருவது ஒரு பக்கம். கோல்டுஃபிஷ் உட்படச் சில மீன்களில் தயமினேஸ் என்ற என்சைம் இருக்கிறது; அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும்.

பெல்லட் தோற்றுப்போகும் இடம் ஒன்றே ஒன்று: முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்த மீன் குஞ்சுகள். அங்கே ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால்தான் ராஜா. அதன் முட்டைகளை 28 டிகிரி வெப்பமுள்ள உப்பு நீரில் போட்டுக் காற்றுக் குமிழி விட்டால் ஒரு நாளில் பொரிந்துவிடும். பொரிந்த ஆர்ட்டீமியா அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளிச்சத்தைக் காட்டினால் ஒரே பக்கம் கூடும். உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடலாம். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் அதன் உடலிலுள்ள மஞ்சள் கருச் சத்தை அதுவே செலவழித்துவிடும். ஆர்ட்டீமியாகூட வாயில் நுழையாத அளவு பொடிக் குஞ்சுகளுக்கு முதல் சில நாள் இன்ஃபுசோரியா எனும் நீர் நுண்ணுயிர்கள். அவித்த முட்டை மஞ்சள் கரு வேறு வழியே இல்லாதபோது மட்டும். ஒரு துளி கூடினாலும் தண்ணீர் நாறிவிடும்.