'சப்-பிராண்டு' என்று விற்ற ஆம்ப்: வேலூர் கிட்டார்காரர்கள் கவனத்துக்கு

வேலூர், காட்பாடி பக்கம் கிட்டார் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

எங்கள் மெல்லிசைக் குழுவுக்காக 32,000 ரூபாய்க்கு ஒரு காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) எடுத்தோம். கறுப்புப் பெட்டி, பொன்னிறப் பேனல், முகப்பில் பிரபல பிரிட்டிஷ் ஆம்ப் கம்பெனி மார்ஷல் போடுவது மாதிரியே வெள்ளைச் சாய்வெழுத்து. பெயரில் ஓர் எழுத்துதான் வேறு. கேட்டதற்கு, "அவங்களோட சப்-பிராண்டுதான் சார், அந்தக் காலத்து பார்க் மாதிரி" என்றார் கடைக்காரர்.

கெட்டிக்காரப் பொய். ஏனென்றால் பார்க் கதை நிஜம். 1965-இல் மார்ஷல் தன் ஆம்புகளை விற்கும் உரிமையை ரோஸ் மோரிஸ் என்ற விநியோக நிறுவனத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால் பழைய விற்பனையாளர் ஜானி ஜோன்ஸுக்கு பார்க் என்ற பெயரில் ஆம்ப் செய்து கொடுத்தது. அது கம்பெனியே சூட்டிய வேறு பெயர். அடுத்தவன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றுவது வேறு சங்கதி. 1951-இல், ஃபெண்டர் கம்பெனியின் 'பிராட்காஸ்டர்' கிட்டாரைப் பார்த்து, அது எங்கள் டிரம்ஸின் பெயர் என்று கிரெட்ஷ் என்ற இசைக்கருவி கம்பெனி ஆட்சேபித்தது. ஸ்பெல்லிங்கில் ஓர் எழுத்து வேறாக இருந்தும் ஃபெண்டர் விட்டுக்கொடுத்தது. கொஞ்ச காலம் பெயரை வெட்டிய ஸ்டிக்கரோடு கிட்டார் விற்றார்கள், அப்புறம்தான் டெலிகாஸ்டர் என்ற புதுப் பெயர் வந்தது. நம் 1999 டிரேட்மார்க் சட்டத்திலும் அச்சு அசலாக இருக்க வேண்டியதில்லை, வாங்குபவர் குழம்பும் அளவுக்கு ஒத்திருந்தாலே மீறல்தான்.

குடியாத்தம் சிரசுத் திருவிழாக் கச்சேரியில் பாதிப் பாட்டில் ஆம்ப் கரகரத்து அடங்கிவிட்டது. மெக்கானிக் திறந்தார். பேனலில் 100 வாட்; உள்ளே ஒரே ஒரு டிடிஏ2030 சிப், 14 வாட்டுக்கானது. முகப்பில் வால்வ் (பழைய பாணி ஆம்புகளின் கண்ணாடிக் குழாய்) எரிகிற மாதிரி தெரிந்தது வெறும் ஆரஞ்சு எல்இடி.

திரும்பிப் போய்க் கேட்டால், "ரிஜிஸ்டர்டு பிராண்டு சார்" என்று போனில் ஒரு சான்றிதழைக் காட்டினார். டிரேட்மார்க் பதிவகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். தேடினேன். பெயர் பதிவாகியிருப்பது உண்மைதான், ஆனால் வகுப்பு 25-இல். அது துணிமணிக்கான வகுப்பு! ஆம்ப்ளிஃபையருக்கு 9, கிட்டாருக்கு 15. யாரோ பனியன் விற்கிறவரின் பதிவைக் காட்டி, ஆம்ப் பெட்டியில் வட்டத்துக்குள் ஆர் போட்டிருக்கிறார்கள். பதிவாகாத பொருளுக்கு அந்தக் குறியைப் போடுவது டிரேட்மார்க் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி தவறு; முன்பு 3 ஆண்டு வரை சிறை இருந்தது, 2024 முதல் அபராதம் மட்டும். டிஎம் என்று போடப் பதிவே தேவையில்லை, அதைப் பார்த்தும் மயங்க வேண்டாம்.

இதற்காக எல்லாப் பெயரையும் சந்தேகப்படாதீர்கள். மற்ற ஆம்புகளின் சவுண்டை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலிங் ஆம்புகளின் மெனுவில், பிரிட்டிஷ் ஆம்ப் சவுண்டைக் குறிக்க 'பிரிட்' என்கிற மாதிரிப் பெயர்கள் வரும். அடுத்தவர் பெயரைத் தொடாமல் அந்த சவுண்டை உணர்த்தும் நேர்மையான வழி அது. முகப்பில் அவரவர் பெயர்தான் இருக்கும்.

டிரேட்மார்க் மீறலுக்கு வழக்குப் போட அதன் உரிமையாளரால்தான் முடியும். நமக்கு நுகர்வோர் சட்டம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன், கடை அசையவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இடிக்கிற இடம் பில்தான்: 'கிட்டார் ஆம்ப் 1' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பிராண்டு இல்லை, மாடல் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. "அந்தப் பேரை நான் சொல்லவே இல்லையே" என்கிறார் கடைக்காரர். நல்லவேளை, விலை பேசும்போது வாட்ஸ்அப்பில் 'சப்-பிராண்டு' என்று அவரே எழுதி அனுப்பியிருந்தார்.

இதே ஆம்ப் வாங்கியவர்கள் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் அட்டைப்பெட்டியோடு வைத்திருங்கள். இறக்குமதியாளர் முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்ற விவரம் எதுவும் பெட்டியில் இருக்காது. அதையும் போட்டோ எடுங்கள். மனு போட 2 ஆண்டுதான் கெடு.