மூன்று ரூபாய் டிவிடெண்ட்: பி.எஸ்.இ. தளம் எவ்வளவு சொல்கிறது?

பி.எஸ்.இ. என்ற மும்பை பங்குச் சந்தையின் இணையதளத்தில் 500290 என்று அடித்தால் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம் வரும். அதன் கார்ப்பரேட் ஆக்‌ஷன் பகுதியில் ‘இன்டரிம் டிவிடெண்ட் - ரூ. - 3.0000’ என்ற வரி இருக்கும்; அதாவது லாபத்திலிருந்து ஒரு பங்குக்கு இவ்வளவு என்று ஆண்டின் இடையில் தரும் தொகை. லட்சம் ரூபாயைத் தாண்டிய பங்குக்கு மூன்று ரூபாயா என்று மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பென்ஷனோடு பங்கும் வைத்திருக்கும் நம்மவர்கள் குழம்புவது இங்கேதான்.

பட்டியலை முழுசாகப் பாருங்கள். 2024-25க்கு இடைக்காலமாக இரண்டு முறை 3 ரூபாய், கடைசியில் 229, ஆக 235. பங்கு விலையை 1,25,000 என்று வைத்தால் 0.19 சதவீதம்தான். அந்த 229-ஐ 2,290 சதவீதம் என்றும் எழுதலாம், ஏனென்றால் கணக்கு சந்தை விலையின் மேல் அல்ல, பங்குக்கு முதலில் குறித்த 10 ரூபாய் முகமதிப்பின் மேல். இந்தப் பக்கம் ரூபாயிலேயே காட்டுவது பெரிய உதவி. கட்டணமும் கிடையாது.

ஏன் இவ்வளவு குறைவு என்பதை மட்டும் இது சொல்லாது. அதற்கு அந்தந்த நிறுவனத்தின் டிவிடெண்ட் கொள்கையைத் தேட வேண்டும்; சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் அதைத் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. லாபத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தால் நல்ல கொள்கை. ‘போர்டு முடிவு செய்யும்’ என்று மட்டும் இருந்தால் அதை நம்பி வருமானக் கணக்குப் போடாதீர்கள்.

பொதுவான காரணங்கள் சில உண்டு. புது ஆலைக்குப் பணம் வேண்டும். ஒருமுறை உயர்த்திவிட்டுக் குறைத்தால் பங்கு அடிவாங்கும். காப்பீட்டு நிறுவனங்கள் போன்ற பெரிய முதலீட்டாளர்கள் டிவிடெண்ட் வரலாறு பார்ப்பதால், பேருக்காவது கொடுத்து அதை அறுபடாமல் வைப்பார்கள். வரியும் முக்கியம்: 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கு வாங்குபவரின் வரி வரம்புப்படி வரி. ஓராண்டுக்கு மேல் வைத்து விற்ற லாபத்துக்கோ 12.5 சதவீதம்தான். நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்து, கையில் பெரும்பங்கும் வைத்திருக்கும் புரமோட்டருக்குப் பணம் நிறுவனத்துக்குள்ளேயே இருப்பதுதான் லாபம்.

தேதியில் பலர் தவறுகிறார்கள். எக்ஸ்-டேட் என்று அறிவித்த நாளிலோ அதற்குப் பிறகோ வாங்கினால் அந்த டிவிடெண்ட் கிடையாது. முந்தைய வர்த்தக நாளிலேயே வாங்கியிருக்க வேண்டும். வங்கி இணைப்பால் ஐ.எஃப்.எஸ்.சி. என்ற வங்கிக் கிளைக் குறியீடு மாறியிருந்தால், பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கில் உடனே திருத்துங்கள். பணம் திரும்பிப் போய் ஏழு வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால் ஐ.இ.பி.எஃப். என்ற அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும். பிறகு ஐ.இ.பி.எஃப்.-5 படிவம் போட்டுத்தான் மீட்க வேண்டும்.